எட்டாவது லைன்ல

"முந்தாநேத்து ராத்திரி
மூணு மணி இருக்கும்,
எட்டாவது லைன்ல,
லீடர்கிட்ட மூணு வாட்டி கேட்டுட்டு,
வயித்தப் புடிச்சிக்கிட்டு,
மெதுவாத்தான்…"
தனபாக்கியம் மூச்சு வாங்கினாள்.

பாயான் லெப்பாஸ். இரண்டாம் மாடி. விசாரணை அறை.
ஏர்கான் பதினெட்டில்.
மிஸ் கூவின் பேனா அந்தரத்தில்,
ஹஸ்னாவின் பத்து விரலும் கீபோர்டுக்கு மேலே.
தமிழ் தெரியாதவர்களையும்
தமிழ் வினை வரும்வரை காக்கவைக்கிறது.

"…வெளிய போனேன்."

நான் ஸ்டோர் கிளார்க்.
கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று
கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.
ஐந்தாம் படிவத்தில் உருப்போட்ட வரிசை
இன்னும் நாக்கில் நிற்கிறது:
எப்படி, எங்கே, எப்போது.
அதற்கெல்லாம் முன்னால் ஆள்,
ஆளை ஒட்டினாற்போல் வினை.

அப்படியே சொன்னேன்.
அவள் போனாள். ஹஸ்னா தட்டினாள்.
வெளியே. தட்டினாள்.
மெதுவாக என்று வாயெடுப்பதற்குள்
முற்றுப்புள்ளி விழுந்த சத்தம்.

வேலை நேரத்தில் லைனை விட்டுப் போனாள்.
குற்றச்சாட்டிலும் அதேதானே இருக்கிறது,
பிறகென்ன என்பதுபோல் மிஸ் கூ பார்த்தார்.

பினாங்குப் பாலத்து லாரி மாதிரி இந்த பாஷை.
தலை போய்விட்டால் போதும்,
பின்னால் கட்டிய சாமான்
கடலில் விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாடப்புத்தகத்தில்
பொடி எழுத்தில் ஒரு விலக்கு இருந்தது.
ஒன்றை மட்டும் முன்னால் தூக்கி வைக்கலாம்,
ஒரு கமா போட்டு.

எதை?
மூணு மணியையா?
வயிற்றையா? ஆறு பேர் இருக்கும் அறையில்
அதை அவள் விரும்ப மாட்டாள்.

"சாரி, மறுபடி சொல்கிறேன்.
லீடரிடம் மூன்று முறை கேட்ட பிறகு,"
நிறுத்தினேன்.
கமா.
ஹஸ்னாவின் விரல்கள் காத்திருந்தன.
இந்த முறை இங்கிலீஷும் காத்திருந்தது.
எதிரே லீடர் யோகேந்திரனின் நாற்காலி
ஒருமுறை கிரீச்சிட்டது.
"அவள் வெளியே போனாள்."

மிஸ் கூ தலை நிமிர்ந்தார்.
"மூன்று முறையா?"

மற்றதெல்லாம் வரியின் வாலில் தொங்கின.
கையெழுத்துக்கு வந்த தாளில்
மூணு மணி இருந்தது, லைன் நம்பர் இருந்தது.
வயிறு இல்லை. மெதுவா இல்லை.

லிஃப்ட் வாசலில் கேட்டாள்:
"நான் சொன்னத எல்லாம்
அப்படியே சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொன்னேன்" என்றேன்.

எப்படி என்று சொல்லாமல்,
வினையை மட்டும்.