வைரம் கடை எதிரில்

வரிசையில் முப்பத்தேழாவது ஆள் சென்னியப்பன்.
அவரை அங்கே நிறுத்திவிட்டு
எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
இங்கிருந்து வைரம் மீன்தலைக் கடை
முழுசாகத் தெரிகிறது:
பச்சை மரச் சன்னல், பித்தளைக் கைப்பிடி,
'1931 முதல்' என்று
போன வருஷம் எழுதிய பழைய எழுத்து.

காலை ஒன்பது நாற்பதுக்கு விமானம்.
கையில் மிச்சம் ஒரு சாயங்காலம்.
கடலோரத் தோட்டத்தில் மரங்களுக்கு விளக்குப் போடுவார்களாம்,
காசு வேண்டாமாம்.
ஆனால் நங்கையா கேட்பார்,
"சிங்கப்பூர் போயும் வைரத்துல சாப்பிடலையா?"
அவர் வந்ததில்லை.
வந்தவர்களைத் தெரியும்.

ஒரு தலை முப்பது வெள்ளி.
வெள்ளி என்றால் எனக்குக் கொலுசு, அல்லது கிழமை.
தேக்காவில் அது டாலர்.
சென்னியப்பன் எதையும் அறுபத்தைந்தால் பெருக்குவார்,
தண்ணீர் பாட்டிலை, குடையை, என் ஆசையை.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது.
ஒரு சிப்பம் அரிசி, மேலே பருப்பு" என்றார்.
பிறகு மெதுவாக,
"உடம்பை யாருக்குக் குடுப்பாங்க?"

பல்லடத்து நூற்பாலையில்
ஆயிரம் மீட்டருக்கு எத்தனை முடிச்சு என்று
எண்ணிச் சொல்வது என் வேலை.
மூட்டை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை,
ஒரு கோன் போதும்.
அதனால் உள்ளே போகிறவர்களை விட்டுவிட்டு
வெளியே வருகிற முகங்களை எண்ணினேன்.

நான்கு பெண்கள், பெயர்ப்பலகையோடு படம்.
மஞ்சள் சட்டைக்காரர்
பில்லை இரண்டாம் தரம் படித்தபடி.
ஒரு குழந்தை தோளில் தூங்கியபடி.
மழை வருமா என்று வானத்தைப் பார்த்த ஒரு ஜோடி.
இப்படிப் பதினொரு பேர்.
ஒரு வாயிலும் மீன் பேச்சு இல்லை.

கோப்பி ஓ ஆறிப்போயிருந்தது.

அப்போது ஒரு டாக்சிக்காரர்
வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார்.
கையில் தூக்குப்போசி.
வரிசையை ஏறிட்டும் பார்க்காமல்
பக்கத்துச் சந்தில் திரும்பி
புகைபோக்கிக்குக் கீழே ஒரு தகரக் கதவைத் தட்டினார்.
ஒரு கை வந்தது. போசி போனது. நிறைந்து வந்தது.
மூடியில் ஒழுகியதை விரலால் வழித்து
நக்கிக்கொண்டே நடந்தார்.
அந்த முகத்தில்
ஒரு முடிச்சு இல்லை.

நானும் தட்டினேன்.
"கொழம்பு மட்டும் கெடைக்குங்களா?"
"பாத்திரம் இருக்கா அக்கா?"
வியர்த்த முகம், மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சு.
இல்லை என்றதும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி
ரோஸ் கயிறு கட்டித் தந்தான்.
மூன்று வெள்ளி. நான் பெருக்கவில்லை.

சென்னியப்பன் இப்போது ஒன்பதாவது ஆள்.
வர மாட்டேன் என்கிறார்!
"அம்பது நிமிசம் நின்னுருக்கேன்.
நின்ன காலுக்கு யார் கணக்குச் சொல்றது?"
பையைத் தூக்கிக் காட்டினேன்.
ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது.
எட்டாவது ஆளாகும் நேரத்தில்
கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்,
பின்னால் இருந்த சீனப் பெரியவரிடம்
எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

ரயிலில் தின்றால் ஐந்நூறு வெள்ளி அபராதம்.
"முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு" என்று
பையைச் சட்டைக்குள் மறைத்தார்.
இறங்கிய இடத்தில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளம்,
சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை.
கறுப்புக் கட்டத்தில் ரொட்டி,
வெள்ளைக் கட்டத்தில் குழம்பு.

நன்றாக இருந்ததா?
இருந்தது. புளி சரி. வெந்தயம் கொஞ்சம் கருகல்.
உப்பு ஒரு கல் தூக்கல்.
தொண்ணூறு வருஷத்தை நான் நாக்கில் தேடினேன்,
அகப்பட்டது ஒரு வெண்டைக்காய்.
அதை அவர் என் பக்கம் தள்ளினார்.
அந்த விளக்கு மரங்களுக்குப் போக
இனி நேரமில்லை.

விமானம் ஏறிய பிறகு கேட்கிறார்,
"அக்கா கேட்டா என்ன சொல்றது?"

போனோம்னு சொல்லுங்க.
எந்த வாசல்னு
அவங்க கேக்க மாட்டாங்க.