காலி எடை

படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும்
மற்றவற்றைவிட அகலமாய் இருக்கும்.
முன் அனுபவம், ஆண்டுகளில்.
ஒரு கோடு போட்டுவிடுவேன்,
பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதுபோல.

ஐந்து ரோடு துணிக்கடையில்
கோட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில்
சான்றிதழைத் தொடாமலே
"யாரு சொல்லி வந்தே?" என்றார்கள்.
யாரும் சொல்லாமல் வந்தேன் என்பது
அங்கே பாதித் திருட்டு.
அஸ்தம்பட்டி ஸ்கேன் சென்டர் பெண்
மெதுவாகத்தான் சொன்னாள்:
ஒரு வருசம் எங்கயாச்சும் இருந்துட்டு வாங்க.

எங்கயாச்சும்.
அந்த ஊருக்கு எந்த பஸ் என்று
பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தேன்.
டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை,
அதனால் ஒரு தட்டுவடை செட்டு மிச்சம்.

வேலை கிடைத்தது என் திறமையால் அல்ல.
சீலநாயக்கன்பட்டி பைபாஸ் எடைமேடையில் இருந்த சுகந்தி
கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்.
கிழங்கு சீசன். ஆள் கிடைக்கவில்லை.
மாதேஸ்வரன் போனில் யாரையோ திட்டிக்கொண்டே
"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்.
தலையாட்டினேன்.
அனுபவத்தைப் பற்றி அவர் கேட்க மறந்தது
மூன்று நாள் என் வயிற்றைக் கலக்கியது.
நினைவு வந்து கேட்டுவிட்டால்?

லாரி ஏறுகிறது. இரும்பு ஒருமுறை முனகுகிறது.
சிவப்பு எண்கள் தடுமாறி, நிற்கின்றன.
பாரத்தோடு ஓர் எடை.
சேகோ ஆலையில் கொட்டிவிட்டு வந்து
காலியாய் ஓர் எடை.
கழித்து வருவதற்குத்தான் காசு.
காலியாய் வந்ததற்காக
எந்த வண்டியையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.
காலி எடை ஏறாத சீட்டுதான் செல்லாது.
இதெல்லாம் இப்போது தோன்றுகிறது.
முதல் வாரம்
எந்த பட்டனை முதலில் அமுக்குவது என்பதே
பெரும்பாடாய் இருந்தது.

பின்சக்கரம் மேடைக்கு வெளியே நிற்பதைக் கவனிக்காமல்
ஆத்தூர் வண்டிக்குச் சீட்டு அடித்துவிட்டேன்.
நாலு டன் கிழங்கு காணோம்.
டிரைவர் சன்னலில் தலையை நுழைத்தார்:
"என்ன சுகந்தி, நாலு டன்ன நானா தின்னுட்டேன்?"

சுகந்திதான். ஒவ்வொரு சீட்டின் அடியிலும்
ஆபரேட்டர்: ஆர். சுகந்தி.
மாற்றுவதற்கான பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும்,
அவள் போனை எடுப்பதில்லை.
என் முதல் மாத அனுபவம்
ஓசூரில் எவளோ ஒருத்தியின் கணக்கில்
நாளுக்கு அறுபது சீட்டாய் ஏறிக்கொண்டிருக்கிறது.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

நேற்று ஏழு மணிக்கு மேல் வண்டி வரவில்லை.
தூரத்தில் ஏற்காட்டு மலையில்
ஒற்றை வெளிச்சம் வளைந்து, மறைந்து,
இன்னொரு உயரத்தில் முளைத்தது.
டீ கொண்டுவந்த தஸ்தகீரை என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."
"தெரியாட்டி என்ன, உட்காரு."
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
பகல் சூடு இன்னும் இரும்பில் இருந்தது.
"வண்டி நம்பர் கேக்குதுக்கா!"
"என் பேரை அடி."
ஒற்றை விரலால் தேடித் தேடி
அவன் அடித்து முடிக்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
ஆடினால் எண் நிற்காது.

வண்டி எண்: சௌடேஸ்வரி
காலி எடை: 40 கிலோ
பார எடை:
ஆபரேட்டர்: ஆர். சுகந்தி

நான் நாற்பத்தெட்டு.
இருபது இருபதாய் எண்ணுகிற மேடை
அந்த எட்டைக் கண்டுகொள்ளவில்லை.
போகட்டும்.

சீட்டைப் பிளாஸ்டிக் ஃபைலில்
பட்டத்துக்குப் பின்னால் செருகினேன்.
வாசலில் நாமகிரிப்பேட்டை வண்டி
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
"எந்திரிடா," என்றேன் தஸ்தகீரிடம்,
"லோடு வந்திருக்கு."