எட்டு நொடி

வியாசர்பாடி மைதானத்துக்கு
ஒரு பக்கம் தண்டவாளம், மூன்று பக்கம் சுவர்.
கோல் விழுந்தால் சத்தம்
சுவரேறிக் குதித்து
மூன்றாம் தெருவுக்கு ஒரே நொடியில் போய்விடும்.
என் படம் போய்ச் சேர எட்டு.

மூன்றாம் தெருவில் யாரும் குறை சொல்லவில்லை.
காதால் பார்த்துவிட்டு
அப்புறம் போனில் சரிபார்த்துக்கொண்டார்கள்.
குறை சொன்னவர் லூர்து.
துறைமுகத்தில், கிரேன் கூண்டுக்குள்,
சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல்
மகளைப் பார்ப்பவர்.

"இன்னாம்மா நீ,
எம்பொண்ணு பந்தைப் புடிக்கறதுக்கு முன்னாடியே
குரூப்புல தோத்துப்பூடுறா."

அன்றைக்கு இரவே பழைய முறையைக் கழற்றினேன்.
அது நாணயமானது, ஒப்புக்கொள்கிறேன்.
படத்தைத் துண்டு துண்டாய்க் கட்டும்.
ஒரு பொட்டலம் வழியில் விழுந்தாலும்
கொருக்குப்பேட்டை கேட்டில் லாரி நிற்பதுபோல்
பின்னால் அத்தனையும் நிற்க,
விழுந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நகரும்.
கூடவே ஒவ்வொரு போனும்
எதற்கும் இருக்கட்டும் என்று
மூன்று துண்டு சேர்த்துவைத்துக்கொள்ளும்,
தண்ணி லாரி வராத நாளுக்குக்
குடம் நிரப்புகிற மாதிரி.

புதியது குடம் வைப்பதில்லை.
வந்ததைக் காட்டும்.
வராததற்கு அரை மூச்சு பொறுக்கும்,
அப்புறம் அதன் பெயரைக்கூடச் சொல்லாது.
கேமரா முன்னால் கைதட்டிப் பார்த்தேன்.
இங்கே கை பிரியும்போது
போனில் கை சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டம். ஐந்தாவது பெனால்டி.
மைதானமே போனைத் தூக்கியதில்
டவருக்கு மூச்சு முட்டியது.
லூர்துவின் திரையில்
பிரிசில்லா கோட்டில் நிற்கிறாள்.
பிரிசில்லா மண்ணில் கிடக்கிறாள், நெஞ்சில் பந்து.
நடுவில் ஒன்றுமில்லை.

உடனே அழைத்தார். பின்னால் கப்பல் சங்கு.
"கெலிச்சிட்டாளா?"
"கெலிச்சிட்டா அண்ணே."
"பாய்ஞ்சாளா?"
"பாய்ஞ்சா."
"எந்தாண்ட?"

கேமராவின் கார்டில் அது முழுசாக இருந்தது.
ராத்திரி அனுப்புறேன் என்றிருக்கலாம்.
அவர் எட்டு நொடி கேட்கவில்லை,
அந்த அரை நொடியைக் கேட்டார்.

"லெஃப்ட்ல" என்றேன்.

பதிலில்லை.
லைன் தாமதமா, அவரா,
அளக்க என்னிடம் கருவி இல்லை.

"லெஃப்ட்லயா" என்றார்,
"அந்தக் கைதானே போன மாசம் பெசகுச்சு."