ஆர் பட்டன்

அறுபத்துநாலு மாடல் வேலியண்ட்.
ஆர் பட்டனை அமுக்கினால்
எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது.
நல்லவேளை, சாட்ஸ்வொர்த் முழுக்க மேடு.
மூக்கை மேலே ஏற்றி நிறுத்துவேன்;
நியூட்ரலில் தானே உருண்டு பின்னால் வரும்.
சமதளத்துக் கல்யாணங்களுக்குப் போவதில்லை.

"கியர்பாக்ஸ் செத்துப்போச்சு, வித்துடு" என்றான்
டர்பனில் ஒருத்தன், பானெட்டைத் திறக்காமலே.
டிப்ஸ்டிக்கை உருவி மோந்தேன்.
எண்ணெய் இன்னும் சிவப்பு.
கருகல் வாடை இல்லை.
செத்தது இப்படியா மணக்கும்?

மழை ஞாயிறு.
அடித்தட்டைக் கழற்றியதும்
முழங்கை வரை வழிந்தது.
ரிவர்ஸ் பேண்டின் திருகு
கைவிரலுக்கே ஆடியது.
இறுக்கி, இரண்டு சுற்றுத் தளர்த்தி,
மூடி, புது எண்ணெய் ஊற்றி
ஓரமாக நின்றேன்.

கோமளா பட்டனை அமுக்கினாள்.
ஒரு குலுக்கு.
போயேவிட்டது,
பூபாலன் வீட்டுக் குப்பைத்தொட்டி வரைக்கும்.
ஐந்து மாதமாக அவள்
பின்கண்ணாடியில் பொட்டு மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

பூபாலன் வெளியே வந்தபோது
நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.