நாலு மணி லோரி

விலை சொல்ல வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை.
படிகளை எண்ணினார். இருபத்தேழு.
பதினான்காவது படியில் மாடி திரும்பும்;
அங்கே நின்று கைகளை விரித்தார்.
முழங்கை இரண்டும் சுவரில் இடித்தன.
"அலமாரி இந்த வழியா இறங்காதுக்கா.
எப்படி மேல போச்சு?"
எனக்கு முன்பே மேலே இருந்தது என்றேன்.
காலி செய்து போனவரிடம்
எண்பது வெள்ளிக்கு வாங்கினேன், நின்ற இடத்திலேயே.

தவநேசன் என்று பெயர். காதில் பென்சில்.
சந்து முனையில் குட்டைத் தூண்கள்,
அதைத் தாண்டி லோரி வராது.
அங்கிருந்து வாசல்வரை தள்ளுவண்டி.
பகலில் சுவரில் வரைந்த பூனையோடு படமெடுக்க
ஊர் ஊராக வந்து வரிசையில் நிற்பார்கள்.
சன்னல் பலகையைத் திறக்கலாம், கழற்றக் கூடாது,
பழைய கட்டடம், நகராண்மைக்கழகம் சம்மன் அனுப்பும்.
எல்லாம் கூட்டி எழுதினார்:
எண்ணூற்று அறுபது. கயிறு தனி.
"விடியக்காலை நாலு மணிக்கு வர்றோம்.
அப்பதான் லோரி நிக்க இடம் கிடைக்கும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.
அவர் போனபின் குசினியில் நின்று
இரண்டு குவளை தண்ணீர் குடித்தேன்.
நாலு மணியை எனக்குத் தெரியும்.

பட்டர்வொர்த்தில், மகள் இடுப்பில் இருந்த வருடம்,
அவள் அப்பா வாங்கிய கடனுக்கு
எங்கள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்.
அவர் முன்பே போயிருந்தார், எங்கே என்று சொல்லாமல்.
சாயம் காய்வதற்குள் நானும் கிளம்பினேன்.
இரண்டு பை. ஒரு மின்சார சோற்றுப்பானை,
அதன் ஒயர் என் கழுத்தைச் சுற்றி.
எத்தனை படி என்று அன்று எண்ணவில்லை;
செருப்பைக் கையில் பிடித்து இறங்குகிறவளுக்கு
எல்லாப் படியும் ஒரே படி.
முதல் ஃபெரி வரும்வரை
ஜெட்டிக் கழிவறையில் தாழிட்டு நின்றேன்.
குழந்தை இருமக் கூடாதே என்று
அதன் வாயருகே என் உள்ளங்கை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள்.
தவநேசன், ஹாஃபிஸ், நேபாளத்துக் கியான்.
பெட்டிகள் இறங்கின. மெத்தை மடங்கி இறங்கியது.
"இங்க பாத்து... அங்க இடிக்கும்..." என்றேன்.
சுகிர்தா டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"ஏம்மா குசுகுசுன்னு பேசுற?"

பதில் சொல்ல நேரமில்லை.
கம்பளி சுற்றிய அலமாரி
சன்னல் வழியே இருட்டுக்குள் சாய்ந்தது.
மேலே கியான் கயிற்றை விட,
கீழே இருவர் கையேந்தி நிற்க,
பாதி வழியில் கம்பளி நழுவிக் கதவு திறந்துகொண்டது.
பூட்டை மறந்தது நான்தான்.
மூன்று ஹேங்கரும் ஓர் எவர்சில்வர் மூடியும்
விழுந்தன. மூடி மட்டும்
அஞ்சடி நடைபாதை முழுக்க உருண்டு உருண்டு,
நிற்க மனமில்லாமல் ஒலித்து அடங்கியது.

எதிர்மாடியில் விளக்கு. காப்பிக்கடை ஆ லெங்.
"வீடு மாறுறியா? இந்த நேரத்துலயா?" என்றார் மலாயில்.
அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது.
என் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தது.
ஒயர் இல்லை.

அப்புறம் கத்தினேன்.
ஆயர் ஈத்தாம், பி பிளாக்,
பதினோராவது மாடி, கதவு எண் ஏழு!
வாடகை மாதக் கடைசிவரை கட்டியாச்சு!
கட்டில் வாங்கியதிலிருந்து கயிற்றுக் காசுவரை
எல்லாத்துக்கும் ரசீது இருக்கு!
இன்னும் இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது.
அவர்களுக்கும் ஒருமுறை சொன்னேன். ஏழாம் எண்.

ஆ லெங் கொட்டாவியோடு சன்னலைச் சாத்தினார்.
சுகிர்தா மூடியைத் தேடி எடுத்து வந்தாள்.
அலமாரி தரையில் நின்றது, கால் நான்கும் முழுதாய்.
தவநேசன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்,
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
"அக்கா, அங்க லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம்?"