இடப்பக்கம் மட்டும்

டோலோன் கணவாயின் ஏழாவது வளைவில்தான்
முதலில் கேட்டது.
ஈரக் கையால் பலூனைத் தேய்த்தாற்போல்
ஒரு க்ரீச்.
இடப்பக்கம் திருப்பினால் மட்டும்.
வலப்பக்கம் திருப்பினால்
ஒன்றுமே நடக்காத முகம்.

நாரினிலிருந்து கோச்கோருக்கு
ஆளுக்கு நானூறு சோம்.
நால்வர் ஏறினால் வண்டி கிளம்பும்.
கணக்கெழுதும் குல்பரா சொன்னாள், டயரில் காற்றில்லை.
விடுப்பில் போகும் சிப்பாய் சொன்னான், ரேக் போச்சு அக்கா.
கம்பளி வியாபாரி ஒன்றும் சொல்லாமல்
கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.
நான்காமவள் தூங்கினாள்.
(தூங்குகிறவர்களிடம் பாதிக் கட்டணம்தான்
வாங்க வேண்டும் நான்.)

மெக்கானிக் எர்மெக் பானெட்டைத் திறக்கவில்லை.
சிகரெட்டை வாயின் இந்த மூலையிலிருந்து
அந்த மூலைக்கு மாற்றிவிட்டு
"பம்ப்" என்றான். "பதினெட்டாயிரம்."
இதில் பம்ப்பே கிடையாது,
மின்சார ஸ்டியரிங், என்றேன்.
"அப்படியானால் ரேக். இருபத்தாறாயிரம்."
இல்லாத பொருளைவிட
இருக்கும் பொருளுக்கு விலை அதிகம்தானே.

ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த வண்டி.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
சாவியைத் திருகியதும் ஒரு பெண்குரல்
அந்த ஊர் மொழியில் பணிவாக ஏதோ கேட்கும்.
ஆறு வருடமாக நானும்
"சரிம்மா" என்று சொல்லிக் கிளம்புகிறேன்.
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

ஞாயிறு. மைனஸ் பத்தொன்பது.
எஞ்சினை அணைத்துவிட்டுத் திருப்பினேன்: க்ரீச்.
முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கித் திருப்பினேன்: க்ரீச்.
ஆக, சாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன்.
ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதைத் தோல்,
பத்து சோம் நாணயம்,
யாருடையதோ ஒற்றைக் காதணி.
துடைத்தேன். மூடினேன்.
க்ரீச்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.
பள்ளிக்கூடக் கொதிகலனுக்கு முப்பது வருடம்
கரி அள்ளிப் போட்டவர்.
வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.
இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து எட்டிப் பிடித்தார்,
சுடுகிற பாத்திரத்தைப் பிடிப்பதுபோல்.
கால்களை வெளியே பனியில் விட்டு
மல்லாந்து படுத்து
பெடல்களுக்கு நடுவே தலையை நுழைத்தேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டதால்
பேச முடியவில்லை.
எப்போது திருப்புவதென்று அவருக்குத் தெரியவில்லை.
"புருல்?" என்றார்.

புருல் என் பெயர்.
எங்கள் மொழியில், திரும்பு என்று பொருள்.
நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்த அன்று
அவர் வைத்தது.
எனக்கு வைத்ததென்று சொல்ல முடியாது.
விதியைப் பார்த்துச் சொன்னது.
விதி அசையவில்லை.
ஐந்தாவதாக ஐசாதா வந்தாள்.

என்னைக் கூப்பிட்டாரா,
திருப்பலாமா என்று கேட்டாரா,
ஸ்டியரிங்குக்கே சொன்னாரா,
ம், என்றேன் டார்ச்சோடு.
திருப்பினார்.
விரல்நுனியில் பட்டது.
தரைத் தகட்டைத் துளைத்துத் தண்டு இறங்கும் இடத்தில்
ஒரு ரப்பர் வளையம்.
குளிரில் வெடித்த உதடுபோல் வறண்டு,
தண்டு திரும்பும்போதெல்லாம்
கூடவே கொஞ்ச தூரம் போய்
முடியாமல் விட்டுவிடுகிறது.
அந்த விடுகிற கணம்தான் க்ரீச்.

சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.
சிலிக்கான் கிரீஸ், டியூப் நூற்றிருபது சோம்.
சுண்டுவிரலால் சுற்றிலும் பூசினேன்.
"புருல்" என்றார். ம்.
"புருல்." ம்.
இடம், வலம், மறுபடி இடம்.
பதினைந்து தடவையாவது இருக்கும்.
என் பெயரை அவர் வாயிலிருந்து
ஒரே மூச்சில் இவ்வளவு கேட்டதில்லை நான்,
அதுவும் நான் திரும்ப வேண்டாத ஒரு நாளில்.

சத்தம் எட்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது.
சொல்லவில்லை,
பனியில் கால் மரத்துப்போகும்வரை.