எட்டும் மூணும்

"கண்ணைப் பறிக்கணும் தாயி" என்றார் அடைக்கலம்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
ஒரு மேசை, ஒரு கணினி, மூச்சிரைக்கும் ஃபேன்.
ஸ்டேட்டஸில் வைக்க, குரூப்பில் அனுப்ப,
சதுரம் ஒன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

அன்று காலைதான்
கோட்டையூர் கண்ணாத்தாள் பலகாரத்துக்காக
மனகோலத்தை மொட்டைமாடி வெயிலில் வைத்துப் படமெடுத்து,
வெல்லப்பாகு மினுங்க மினுங்க
மஞ்சளில் முடித்திருந்தேன்.
பத்து மணிக்குள் நாற்பது பேர் விலை கேட்டார்கள்.
பள்ளத்தூர் தையல்காரருக்கு
ஜன்னல் வைத்த ரவிக்கைகளை
மயில்தோகையாய் விரித்துக் கொடுத்ததும் நான்தான்.

கண்ணைப் பறிப்பது எனக்குக் கைவந்த வேலை.
சிவப்பில் ஒரு வெடிப்பு நட்சத்திரம்,
அதற்குள் ஒரு விலை,
சாய்வாக ஒரு 'மட்டுமே'.

"என்ன வியாபாரம்ணே?"
"குளிர்பெட்டி."
"கூல்டிரிங்க்ஸா?"
அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
"மனுசரை வைக்கிறது."

அவர் போனில் இருந்த படங்கள்:
குட்டியானை வண்டியில் கண்ணாடிப் பெட்டி,
அதன் விளிம்பில் யாருடையதோ ஒரு சாமந்திச் சரத்தின் நுனி,
கண்ணாடிக்குள் அவர் முகமே, கையில் போனோடு.
"காலியா இருக்கப்ப எடுத்தது,
பயப்படாதே."

முதல் சதுரம் கறுப்பு.
"இருட்டுல இருட்டைக் காட்டுறியே" என்றார்.
இரண்டாவதில் மேகம், புறா, மேலே போகும் படிக்கட்டு.
"நான் வீட்டு வாசல் வரைக்கும்தான் கொண்டுபோவேன்."
மூன்றாவதில், பழக்கதோஷம்,
ஓரமாக அந்தச் சிவப்பு நட்சத்திரம்
தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
நான் அழித்தேன்.

பிறகுதான் கேட்டேன், யார் கூப்பிடுவார்கள் என்று.
முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"பெரும்பாலும் ராத்திரிதான்.
மகன் மெல்பர்ன்ல இருப்பான், மக பெங்களூர்ல,
இங்கே அம்புட்டுப் பெரிய வீட்டுல
ரெண்டாங்கட்டுல சமையல்காரம்மா மட்டும் நிப்பாங்க.
நம்பரைத் தப்பா அழுத்தி
புதுவயல் அரிசி மில்லுக்குப் போயிருக்கு, ரெண்டு தடவை.
அழுதுக்கிட்டே அழுத்துறாங்க தாயி,
எட்டும் மூணும் ஒண்ணாத் தெரியுது."

பூப்பூவான அந்த எழுத்துருவை மூடினேன்.
வெள்ளை. வெறும் வெள்ளை.
நடுவில் பத்து இலக்கம், ஐந்தும் ஐந்துமாகப் பிரித்து;
எட்டுக்கு இரண்டு வயிறும் தெரிய,
மூன்றுக்கு வாய் நன்றாகத் திறந்திருக்க.
மேலே அவர் பெயர்.
பெற்றவர்கள் வைத்த அந்த ஒரு சொல்லுக்கு மேல்
எனக்கு எதுவும் எழுத வரவில்லை.
மூலையில் 'வள்ளிக்கண்ணு டிசைன்ஸ்' போடுவதா என்று யோசித்தேன்.
போட்டேன், எறும்பளவுக்கு.

"இம்புட்டு இடம் சும்மா கிடக்கே,
சாமியானா, சேரு எல்லாம் போட்டுவிடேன்?"
"கிடக்கட்டும்ணே."

அவர் கீழே டீ சொல்லப் போனபோது
குழாயைத் திறந்து கண்ணை நனைத்துக்கொண்டு வந்தேன்.
துடைக்காமல்
கையை நீட்டிப் போனைப் பிடித்துப் பார்த்தேன்.
மேசை கரைந்தது, ஃபேன் கரைந்தது,
அவர் பெயர்கூடக் கொஞ்சம் கரைந்தது.
எண் நின்றது.

அந்தப் படத்துக்கு ஒருவரும் இதயம் போடவில்லை.
பார்த்தவர்கள் நூற்றுப் பதினாறு பேர்.
நல்லா ஓடுதாண்ணே என்று
கேட்கவும் முடியாத வியாபாரம்.

ஐப்பசி பிறந்ததும் வந்தார், இந்த முறை
ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.
"தீபாவளி வாழ்த்து ஒண்ணு போடணும் தாயி,
எல்லா குரூப்புக்கும், நம்ம நம்பரோட,
கண்ணைப் பறிக்கிற மாதிரி."

வேண்டாம் என்று சொல்லி முடிக்க
இரண்டு டீ ஆனது.